கட்டிலுக்கடியில் போன கோலி

சக்கரபாணியின் கையிலிருந்து நழுவும் கோலி எதுவானாலும் நேரே கட்டிலுக்கடியில்தான் போகும். அந்தச் சுரங்கக் குவார்ட்டர்ஸின் சிமெண்டுத் தரை அப்படி. வாசல் பக்கம் உயர்ந்து சுவர்ப் பக்கம் சரிந்திருந்தது. சத்தம் கேட்டதும் அவர் பலகையிலிருந்து தலையைத் தூக்காமல், "எடுடா" என்பார். மீசை முளைத்து முறுக்கும் வயதில் இருந்த மகன் பழனிசாமி வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு உள்ளே போவான். தலையில் ஒட்டடையோடு வெளியே வந்து, கோலியைச் சட்டையில் துடைத்துக் கொடுப்பான்.

"இதாச்சும் உருப்படியா வருது உனக்கு. அடுத்த ஜென்மத்துல பெருச்சாளியாப் பொறந்துக்கோ. பழகுன வேலை."

"சரிங்கப்பா."

சக்கரபாணிக்குச் சொந்த ஊர் கோபிப் பக்கம். அப்பனுக்கு 'ங்க' போடாத பிள்ளையை அந்தப் பக்கம் யாரும் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை என்று சொல்லியே மகனை வளர்த்தார். 'ங்க' வந்தது. படிப்பு வரவில்லை. பதினொன்றாம் வகுப்பில் இரண்டு தரம் தவறினான். கான்டிராக்ட்டில் மண் அள்ளவாவது போகிறேன் என்றவனை, "பெல்ட் ஆப்பரேட்டர் சக்கரபாணி மகன் கூடை சுமக்கறதா? ஊர் என்னைப் பாத்துச் சிரிக்கறதுக்கா?" என்று தடுத்தார். தடுத்துவிட்டு, சோறு போடும்போதெல்லாம் தண்டச்சோறு என்றார். அவன் மந்தாரக்குப்பத்தில் ஒரு சைக்கிள் கடையில் போய் உட்கார்ந்து பொழுதைக் கழித்தான்.

கோலிப் பலகையைக் கொடுத்தது ஆஸ்பத்திரி டாக்டரம்மா. வட்டமான மரப்பலகை. அதில் கூட்டல் குறி மாதிரி குழிகள். நடுக்குழியைத் தவிர எல்லாவற்றிலும் கண்ணாடிக் கோலி இருக்கும். ஒரு கோலி இன்னொன்றைத் தாண்டிக் காலிக் குழியில் விழ வேண்டும். தாண்டப்பட்டது வெளியே போய்விடும். இப்படியே ஒன்றை ஒன்று தின்று, கடைசியில் ஒரே ஒரு கோலி நடுக்குழியில் மிஞ்சினால் ஜெயம். தனி ஆள் ஆட்டம். எதிரி தேவையில்லை.

அவருக்கு அது ஆட்டமில்லை, வைத்தியம். நிலக்கரிச் சுரங்கத்தில் மண்ணைச் சுமந்து ஓடும் பெல்ட்டின் அடி உருளையில் ஐப்பசி மழைக்குக் களிமண் அப்பிக்கொள்ளும். அதைக் கம்பியால் சுரண்ட வேண்டும். பெல்ட்டோரம் ஓடும் கயிற்றை இழுத்தால் பெல்ட் நிற்கும். நிறுத்திவிட்டுச் சுரண்டு என்று தகரத்தில் எழுதியே மாட்டியிருந்தது. ஆனால் சக்கரபாணியோடு வேலை பார்க்கும் செட்டில் கயிற்றை இழுப்பவனுக்கு மறுநாள் டிபன் பாக்ஸில் ஒரு ஜோடி கண்ணாடி வளையல் கிடக்கும். அந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்ததே அவர்தான். ஒரு பகல் ஷிப்டில் ஓடும் பெல்ட்டுக்குள் கம்பியைக் கொடுத்தார். உருளை கம்பியை இழுத்தது. கம்பியை விடாத வலது கையையும் இழுத்தது. கூட வேலை பார்த்த நஜிமுதீன் ஓடிவந்து கயிற்றை இழுத்தபோது சுண்டு விரலும் மோதிர விரலும் போயிருந்தன. மிச்சம் மூன்று விரல்கள் கையோடு இருந்தன, அவ்வளவுதான். மடங்கின, நீண்டன, எதையாவது இடுக்கிப் பிடித்தன. ஆனால் தொட்டது எதுவென்று அவற்றுக்குத் தெரியாது.

"மடங்கினா போதாது சக்கரபாணி" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். "தொட்டா தெரியணும். தெரியாத கையை பெல்ட்டுகிட்ட அனுப்பினா மிச்சமும் போயிடும். மாசி வரைக்கும் பாக்கறேன். உணர்ச்சி திரும்பலைன்னா அன்ஃபிட்னுதான் எழுதணும்."

இதை அவர் வீட்டில் சொல்லவில்லை. கோலி தவறாமல் ஆட்டத்தை முடித்தால் ஃபிட் என்று மட்டும் சொல்லி வைத்தார். பெல்ட் இல்லாத சக்கரபாணியை அவருக்கே அடையாளம் தெரியாது. தெருவில் நடந்தால் 'ஆப்பரேட்டர் போறாரு' என்பார்கள். அது போனால் மிச்சம் மூன்று விரல்தான்.

தை பிறந்ததும் நஜிமுதீன் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தான். நல்லவன்; வாயைத் திறந்தால்தான் வம்பு.

"நீங்க எதுக்கும் கவலப்படாதீங்கண்ணே. ஃபிட்டு குடுத்தா உங்களுக்கு டூட்டி. முழு அன்ஃபிட்டுன்னு எழுதிட்டாலும் வூட்ல ஒருத்தருக்கு வேலை. நம்ம பழனி உள்ள வந்துடுவான். எப்பிடிப் பாத்தாலும் நீங்க கெலிச்சீங்க!"

சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது. சைக்கிள் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பழனிசாமி ஒரு காலில் செருப்போடு நின்றான். சக்கரபாணி மட்டும் சிரித்தார். நஜிமுதீனை அந்த நிமிடமே தூக்கி உருளைக்குள் போடலாம் போலிருந்தது அவருக்கு.

அன்றிலிருந்து வீடு மாறியது. அதுவரை வெந்நீர் கேட்டால், "அடுப்புல லெக்கோ கரி இன்னும் புடிக்கல, சும்மா கெடங்க" என்று சொல்லிவந்த மனைவி கனகம், இப்போது குளிக்க வைத்துத் துவட்டியும் விட்டாள். சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். லுங்கியைக் கட்டிவிட்டாள். மகன் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி மடித்துக் கொடுத்தான். வலது கை எதையாவது எடுக்கப் போனால் இரண்டு கைகள் முந்திக்கொண்டு வந்தன.

"நீங்க ஏங்க கைய அசைக்கிறீங்க? நோவுமில்ல? நாங்க இன்னாத்துக்கு இருக்கோம்?"

முதலில் அவருக்கு அது சுகமாகத்தான் இருந்தது. ஒருநாள் கோலி டப்பாவைக் கேட்டபோது கனகம் அதைப் பரண்மேல் தூக்கி வைத்திருந்தாள். அப்போதுதான் புரிந்தது, அவள் சோறு ஊட்டுவது புருஷனுக்கு இல்லை, அன்ஃபிட்டுக்கு என்று. அவருக்குக் கோபம் வரவில்லை. நாக்கில் எச்சில் ஊறியது.

அன்று மாலையே டப்பாவை இறக்க வைத்து, மகனைக் கட்டிலுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார வைத்தார்.

"பாருடா. உன்ற வேலை இந்தக் குழிக்குள்ள கெடக்குது. நான் தவற விட்டா உனக்கு. தவற விடலைன்னா எனக்கு. வேடிக்கை பாரு, காசா பணமா."

தினமும் அப்படித்தான் நடந்தது. விரலுக்குத் தெரியாவிட்டாலும் கண்ணுக்குத் தெரியும். அவர் கண்ணால் பிடித்தார், கண்ணால் தூக்கினார். ஒரு கோலியை வேண்டுமென்றே நடுங்க விட்டு, மகன் மூச்சைப் பிடிப்பதைப் பார்த்து, பிறகு நிதானமாகக் குழியில் இறக்குவார். சில நாள் வேண்டுமென்றே கீழே விடுவார். அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். "எடுடா" என்பார். எடுத்துக்கொண்டு வந்ததும் அடுத்த எட்டுத் தாண்டலையும் பிசகாமல் செய்து காட்டுவார். பழனிசாமி சைக்கிள் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டான். பலகையையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

அவர் அவனிடம் காட்டாத ஒன்று இருந்தது. ஆட்டம் முடிந்து மற்றவர்கள் எழுந்து போனதும், கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோலியை விரலிடுக்கில் வைத்துப் பார்ப்பார். ஒன்றும் தெரியாது. அடுத்தவன் கை. மாசி நெருங்க நெருங்க அந்தக் கையை அவருக்கே வெட்டிப் போடத் தோன்றியது. அன்ஃபிட் வரத்தான் போகிறது, பையனுக்கு வேலை கிடைக்கத்தான் போகிறது. அதுவரையாவது அவன் வேகட்டும் என்று இன்னும் பிரமாதமாக விளையாடினார்.

ஒருநாள் கனகம் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு தடவ தவற விட்டா இன்னா கொறஞ்சி பூடும்? நீங்க பாத்த வேல போதும். அவனுக்கு ஒரு வழி வேணாமா? வயசு ஏறிகினே போவுது."

"அவனுக்கா? அவன் பெல்ட்டுல நின்னா பெல்ட்டு வெக்கப்பட்டு தானா நின்னுரும்."

"பெத்தவன் பேசற பேச்சா இது?"

"பெத்தது நீ. நான் சம்பளம் கொண்டாந்தேன். அது நின்னதும் எவ்வளவு பாசம் பாத்தியா? புருஷன் கை செத்தா காசு, ஆளே செத்தா இன்னும் நல்ல காசு. அதையும் விசாரிச்சு வெச்சுக்கோ."

பலகையைக் காலால் உதைத்தார். கோலிகள் எல்லாம் கட்டிலுக்கடியில் ஓடின. மகன் எழுந்தான். "நீ உக்காரு" என்றார். "உன்ற ஆத்தா எடுக்கட்டும்."

கனகம் எடுத்தாள். சேலையை வரிந்து செருகிக்கொண்டு, ஒன்று விடாமல் எடுத்தாள். மறுநாள் காலை பஸ்ஸில் காடாம்புலியூர் போனாள். அவள் பிறந்த ஊர். அக்கா பேத்திக்குக் காது குத்து என்றாள். திரும்பியபோது ஒரு பை வறுக்காத முந்திரிக்கொட்டையும், தக்கை வைத்து மூடிய ஒரு சின்ன மருந்து பாட்டிலும் அவள் கூடையில் இருந்தன.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வாரம். கனகம் சமையல்கட்டில் உட்கார்ந்து இரண்டு கைக்கும் விளக்கெண்ணெயைத் தடவி, மேலே அடுப்புச் சாம்பலைப் பூசிக்கொண்டிருந்தாள். பாத்திரம் தேய்க்கப் போகிறாள் என்று நினைத்தார் சக்கரபாணி. சற்றுக் கழித்துக் கோலி டப்பாவை அவளே கொண்டுவந்து எதிரில் வைத்தாள்.

"கழுவி வெச்சேன். ஒரே பிசுக்கு."

கோலிகளைத் தொட்டுப் பார்த்தார். பளபளவென்று வழுக்கின. மேலே மெல்லிசாக, பழுப்பாக ஏதோ எண்ணெய். அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அடியே, எண்ணெய் தடவினா வழுக்கி உளுந்துரும்னு பாத்தியா? ஆத்தாளும் மகனும் ஒக்காந்து யோசிச்சு கண்டுபுடிச்சது இதுதானா?"

கனகம் மகனைப் பார்த்து, "நீ தொடாத" என்று மட்டும் சொன்னாள்.

சக்கரபாணி வீம்புக்கு வலது கையாலேயே ஒவ்வொரு கோலியையும் எடுத்து, தொடைமேல் லுங்கியில் உருட்டித் துடைத்து, குழியில் வைத்தார். முழு ஆட்டமும் ஆடினார். ஒரு கோலி விழவில்லை. கடைசிக் கோலியை நடுக்குழியில் இறக்கிவிட்டு, "போயி தூங்குங்க" என்றார்.

விடிவதற்கு முன்பே எரிச்சல் எழுப்பியது. தொடையில் தோல் தடித்துக் கொப்பளித்திருந்தது. அதைச் சொறியப் போன வலது கை தீயில் வைத்தாற்போல் எரிந்தது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மூன்றின் நுனியும் கருத்து நீர் கோத்து, வீக்கம் உள்ளங்கை வரை ஏறியிருந்தது. கத்தினார். கத்திக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்தினார். வலிப்பது வலது கை. செத்த கை. கட்டில் சட்டத்தில் விரலை அழுத்தினார், உயிர் போனது. இன்னொரு தரம் அழுத்தினார். கண்ணில் நீர் வழிய வழிய, திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டு சிரித்தார்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வந்த நஜிமுதீன் கையைப் பார்த்ததும் சொல்லிவிட்டான்.

"இன்னாண்ணே, முந்திரி எண்ணெய்ல கைய வுட்டீங்களா? கொட்ட ஒடைக்கிற பொம்பளைங்க வெளக்கெண்ணெயும் சாம்பலும் பூசிக்காம தொடவே மாட்டாங்களே. தோலு வெந்து பூடும்."

கோபிக்காரனுக்கு மஞ்சள் தெரியும், கரும்பு தெரியும். முந்திரித் தோட்டத்தைப் பஸ் ஜன்னலில் பார்த்ததோடு சரி. அவர் திரும்பிக் கனகத்தைப் பார்த்தார். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அடுப்புல சுட்டுக்கிட்டேன்" என்றார் நஜிமுதீனிடம். டாக்டரம்மாவிடமும் அதையே சொன்னார்.

"சுட்டப்ப தெரிஞ்சுதா?" டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"உசிரே போச்சுங்க."

மேஜைமேல் அதே மாதிரி ஓர் ஆஸ்பத்திரிக் கோலிப் பலகை இருந்தது; அதில் ஆடிக் காட்டச் சொல்லவில்லை. சக்கரபாணியின் கண்ணைத் துணியால் கட்டினார். ஒரே ஒரு கோலியை எடுத்தார். ஒரு தரம் விரலிடுக்கில் வைப்பார், ஒரு தரம் வைக்காமல் சும்மா, "இருக்கா?" என்று கேட்பார். கோலி கொப்புளத்தில் படும்போதெல்லாம் சக்கரபாணியின் தாடை இறுகியது. இருக்கு. இல்லை. இல்லை. இருக்கு. ஒன்றுகூடப் பிசகவில்லை.

"நரம்புக்கு உயிர் வந்துடுச்சு" என்றார் டாக்டரம்மா. அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். "டூட்டிக்குப் போங்க. பங்குனிக் கடைசியில ஒரு தரம் வாங்க, இதே மாதிரி பாத்துட்டு ஃபைலை முடிச்சிடறேன்."

வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தார். இரண்டு பேரையும் எதிரில் உட்காரச் சொன்னார். அடிக்கவில்லை. திட்டவில்லை. டாக்டரம்மா மாசி வரை என்று கெடு வைத்ததிலிருந்து, கண்ணைக் கட்டிக் கோலி வைத்துப் பார்த்தது வரை, ஒரு வரி விடாமல் சொன்னார். பங்குனியில் மறுபடி போவதையும், "அது சும்மா பேருக்கு" என்று சேர்த்துச் சொன்னார்.

"வெளையாட்டு இல்லைடி, உணர்ச்சிதான் கணக்கு. அது எனக்கு நேத்து வரைக்கும் சுத்தமா இல்ல. நீ சும்மா இருந்திருந்தா இன்னைக்கு அன்ஃபிட். நாளைக்கு இவன் பர்மனென்ட். நீ தடவுன எண்ணெய்தான் எனக்கு வேலை வாங்கிக் குடுத்துது."

பழனிசாமி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தாயைப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். கனகம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவன் அவள் கையால் சாப்பிடவில்லை. பானையிலிருந்து தானே போட்டுக்கொண்டு போய்த் தனியாகத் தின்றான். அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும்போது சக்கரபாணிக்கு இரண்டு கவளம் கூடவே இறங்கியது.

சங்கு ஊதியதும் மற்றவர்களுக்கு முன்னால் அவர் சைக்கிள் கிளம்பியது. கொப்புளம் பட்டு வலிக்க வலிக்கக் கம்பியைப் பிடித்தார். வலி இனித்தது. கூட இருந்தவர்கள் அவரைத் தூக்கிவைத்துப் பேசினார்கள். புதிதாக வந்த ஒருவன் கயிற்றை இழுத்தபோது, மறுநாள் அவன் டிபன் பாக்ஸில் வளையல் கிடந்தது.

பங்குனி வெயிலில் கொப்புளம் காய்ந்தது. கருகிய தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்தது. அடியில் பிள்ளைத் தோல், இளஞ்சிவப்பாக. ஒரு நாள் டீ வந்தது. எல்லோரும் கிளாஸை விளிம்பில் பிடித்து ஊதிக்கொண்டிருந்தார்கள். சக்கரபாணி கையில் முழுதாகப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கீழ வைங்க! கை பொசுங்குது!" என்று நஜிமுதீன் கத்தினான்.

அவர் கையைப் பார்த்தார். சிவந்திருந்தது. "பழக்கந்தான் போ" என்றார். மிச்ச டீயைக் குடிக்கவில்லை.

அன்று மாலை வீட்டில் டப்பாவைத் திறந்து ஒரே ஒரு கோலியை எடுத்தார். வாசற்படியில் மகன் உட்கார்ந்திருந்தான். கனகம் சமையல்கட்டில் இருந்தாள். சக்கரபாணி கண்ணை மூடிக்கொண்டு கோலியை விரலிடுக்கில் வைத்தார். விரல்களை மெல்ல அழுத்தினார். தரையில் ஏதோ சத்தம் கேட்டது. தெருவில் பிள்ளைகள் விளையாடும் சத்தமாக இருக்கும் என்று நினைத்தார். மூன்று விரலும் கோலி பிடித்த மாதிரியே குவிந்திருந்தன.

பழனிசாமி திரும்பிப் பார்த்தான். கோலி உருண்டு கட்டிலுக்கடியில் போவதைப் பார்த்தான். அப்பன் காற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதையும் பார்த்தான். யாரும் சொல்லாமலே எழுந்து, பழகிய மாதிரி, சத்தமில்லாமல் கட்டிலுக்கடியில் போய்க் கோலியை எடுத்துவந்தான். கட்டிலோரம் குந்தி உட்கார்ந்தான். கோலி அவன் உள்ளங்கையில் இருந்தது.

"இருக்குதாங்கப்பா?" என்று கேட்டான்.

சக்கரபாணியின் நெற்றி சுருங்கியது. கண்ணைத் திறக்கவில்லை. அவனுக்குக் காட்ட வேண்டும்.

"இருக்குடா" என்றார்.

அவர் கண்ணைத் திறந்தபோது அவன் உள்ளங்கையைத்தான் முதலில் பார்த்தார். அதற்குப் பின்னால், சமையல்கட்டு நிலையில் நின்றுகொண்டிருந்த கனகத்தை.

"அந்த பாட்டில் எங்கடி?" என்றார். "எடுத்தா. செக்கப்புக்கு வேணும்."

கனகம் உள்ளே போனாள். பரண்மேல் தகரம் உரசும் சத்தம் கேட்டது. பாட்டிலோடு அவள் பின்வாசல் வழியாக இறங்கிப் போவது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. தக்கையைப் பிடுங்கினாள். வெயில் ஆறாத சாக்கடைச் சிமெண்டில் எண்ணெய் கொட்டிய வாடை வீட்டுக்குள் வந்தது, பச்சையாக, தொண்டையைப் பிடிக்கிற மாதிரி. அவள் மேலே தண்ணீரும் ஊற்றினாள்.

சக்கரபாணி எழுந்திருக்கப் பார்த்தார். பழனிசாமி நகர்ந்து வழி விடவில்லை. உள்ளங்கையிலிருந்த கோலியை இரண்டு விரலால் நுனியில் பிடித்து, அப்பன் கண்ணுக்கு நேரே சற்று நேரம் காட்டினான். பிறகு தரையில் விட்டான். அது வழக்கப்படி சுவர்ப் பக்கம் உருண்டு கட்டிலுக்கடியில் போனது.

"எடு" என்றான்.